எர்ரர் காட்டும் அந்த ஒரு ஃபைல்

போன வாரம் பிரசன்னா போன் செய்தார். மயிலாப்பூரில் இருபத்தாறு வருஷம் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர். நாற்காலியையும் மாற்றிவிட்டார்கள் என்று கேள்வி. புதியது முதுகுக்கு நல்லதாம். என் முதுகைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

"சார், ஒரு சின்ன டவுட். நம்ம லைப்ரரி முழுக்க மறுபடியும் கன்வர்ட் பண்றோம். ஃப்ளாக்லேர்ந்து வேற ஃபார்மட்டுக்கு."

"எதுக்கு?"

"செக்ரட்டரி சார் சொன்னார்."

இதைவிட உறுதியான தொழில்நுட்பக் காரணத்தை நான் கேட்டதில்லை. மேலே சொல்லுங்கள் என்றேன்.

"பதினோராயிரத்துச் சொச்சம் ஃபைலும் க்ளீனா போயிடுச்சு சார். ஒண்ணே ஒண்ணு எர்ரர் காட்டுது. அது ஃப்ளாக்கே இல்ல, ஏதோ பழைய ஏப் ஃபைல். எப்படித் தங்கிப்போச்சுன்னு தெரியல. டெலீட் பண்ணிடலாமா?"

"தொடாதீங்க."

"இல்ல சார், நடுவுல கரப்ட் ஆயிருக்கு. ரிப்போர்ட்ல அது ஒண்ணுதான் சிவப்பு. செக்ரட்டரி சார் நூறு பர்சன்ட் கேக்கறார்."

"சிவப்பாவே இருக்கட்டும்."

"ஏன் சார்?"

போனில் சொல்லி முடிக்கிற காரணமாக இருந்தால் சொல்லியிருப்பேன். நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். பிரசன்னா படிப்பாரா என்பது சந்தேகம்தான். பச்சை, சிவப்பு தவிர வேறெதையும் படிக்க அவருக்கு நேரமில்லை. இப்படி ஏளனம் பேச எனக்கு என்ன யோக்கியதை என்பது கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

நான் பார்த்த வேலை என்னவென்று என் மனைவிக்கே சரியாகத் தெரியாது. உறவுக்காரர்களிடம் "ஏதோ கேசட் கம்பெனி" என்று சொல்லிச் சமாளிப்பாள். அது பாதி உண்மை. தி.நகரில் ஒரு மாடிக் கடையில்தான் ஆரம்பித்தேன். கல்யாணக் கச்சேரி, பஜனை, பட்டிமன்றம் என்று எதைக் கொண்டுவந்தாலும் காலி கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. ஆறு வருஷத்தில் அங்கே கற்றுக்கொண்டது, டேப் ரெக்கார்டரின் தலையை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதும் வாடிக்கையாளர் சொல்வதற்கெல்லாம் என் தலையை ஆட்டுவதும். பிறகு கேசட் செத்தது. கடைக்காரர் அதே அலமாரிகளில் ஜாக்கெட் துணி அடுக்கினார். எனக்கு ஜாக்கெட் துணியில் ஞானம் போதாது. மயிலாப்பூருக்கு வந்தேன்.

தெப்பக்குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஓர் அப்பளக் கடையின் மாடியில், ஒரு டிரஸ்ட். பழைய கச்சேரி ஒலிநாடாக்களைச் சேகரித்துக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றுவது அதன் நோக்கம். பெயர் வேண்டாம். வேலை பார்ப்பவர்கள் நாலு பேர், அறங்காவலர்கள் பதினாலு பேர் என்று சொன்னாலே எந்த மாதிரி இடம் என்று விளங்கும்.

லாஸ்லெஸ் என்ற சொல்லை அங்கேதான் முதலில் கேட்டேன். பயப்படுகிற விஷயம் இல்லை. எட்டு முழ வேட்டியை இஸ்திரிக்காரர் நாலாகவும் மடிக்கலாம், எட்டாகவும் மடிக்கலாம். பிரித்தால் அதே எட்டு முழம், அதே கரை. ஏப், ஃப்ளாக் என்பதெல்லாம் மடிக்கிற விதங்கள், அவ்வளவுதான். எம்பி த்ரீ மட்டும் வேறு ரகம். அது வேட்டியை இரண்டு முழமாகக் கத்தரித்துவிட்டு, கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்று தைரியம் சொல்வது. நாங்கள் எங்கள் நாடாக்களை முதலில் ஏப்பாக மடித்து வைத்தோம். பேர்தான் குரங்கு, மற்றபடி இடத்தை அடைக்காத வடிவம். ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி வைத்துப் பயன்படுத்திய காலம் அது.

பூட்டி வைத்தவர் நாகசுந்தரம் சார். என் மேலதிகாரி. ஏதோ அரசாங்க அலுவலகத்தின் ஒலிப்பதிவுப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் எங்கள் மாடிக்கு வந்தவர். வெயிலோ மழையோ முழுக்கைச் சட்டை. சட்டைப் பையில் நீலம், சிவப்பு என்று இரண்டு பேனா. ஸ்டேப்ளரை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். ஹெட்போனைப் போடுமுன் ஒரு துண்டால் துடைப்பார், கழற்றியபின் மறுபடி துடைப்பார். நடுவில் அதைப் போட்டிருந்தது அவரேதான். தன் கையெழுத்தைக்கூட இரண்டாம் முறை உற்றுப் பார்த்தபின்தான் நம்புவார்.

அவருடைய நடைமுறையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு ஃபைலை ஒரு மடிப்பிலிருந்து இன்னொரு மடிப்புக்கு மாற்றினால், மாற்றுவதற்கு முன் ஒரு கைரேகை, மாற்றியபின் ஒரு கைரேகை எடுக்க வேண்டும். ஒலியில் இருக்கிற எண்களையெல்லாம் மிக்ஸியில் போட்ட மாதிரி அரைத்து, முப்பத்திரண்டு எழுத்தில் கணினி ஒரு அடையாளம் கொடுக்கும். ஒலியில் ஒரு பிசிறு மாறினாலும் அடையாளம் முழுக்க மாறிவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேட்டி பத்திரம். இந்த ஒப்பிடும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். உலகம் முழுக்க அப்படித்தான் விடுகிறார்கள். நாகசுந்தரம் சார் விடமாட்டார். நான் முப்பத்திரண்டு எழுத்தையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். அவர் தன் தாளில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பார்.

"ஏழு, எஃப், எஃப், பூஜ்யம், ஒன்பது…"

"மெள்ள. ரயிலுக்கா போறே?"

"மெஷினே பாத்துக்குமே சார்."

"மெஷினை யார் பாத்துப்பா?"

கீழே அப்பளக் கடையில் இதைக் கேட்டுவிட்டு, மாடியில் ஏதோ ஜபம் நடக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சேர்ந்த புதிதில் ஒரு பதிவைக் கணினியில் ஏற்றினேன். பெரிய வித்வான், பெயரைச் சொன்னால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், பாகவதர் என்று வைத்துக்கொள்வோம். அவர் இன்னும் பாட ஆரம்பிக்கவில்லை. தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து ஓர் இருமல். இரண்டு முறை சின்னதாக வந்து, மூன்றாவது வெளியே வரப் பார்த்து உள்ளே போய்விட்டது. நான் கடமையுணர்ச்சியோடு அதை வெட்டி எடுத்துவிட்டு, பாராட்டுக்காக நின்றேன்.

"யார் இருமினது?"

"தெரியலை சார்."

"யாருன்னே தெரியாதவன் இருமலை எடுக்கறதுக்கு நீ என்ன டாக்டரா? திரும்ப வை."

வைத்தேன். ஆனால் ரெஜிஸ்டரில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் 'தொடக்கத்தில் இருமல், தேவையற்றது' என்று எழுதினேன். அவர் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தப் பதிவில் இருமலோ தும்மலோ கேட்டாலும் 'தேவையற்றது' என்று எழுதினேன். அவரும் சளைக்காமல் கேள்விக்குறி போட்டார். பதினோரு ரெஜிஸ்டரிலும் இந்த யுத்தம் நடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவரை மகான் என்று நினைத்துவிட வேண்டாம். இருமல்மேல் அவருக்குத் தனிப் பற்று எதுவும் கிடையாது. பழைய ஆபீசில் யாரோ ஒருவன் மாற்றி வைத்த டேப்புக்கு இவருக்கு மெமோ வந்திருக்கிறது. அன்றிலிருந்து, எதையாவது எடுத்தால் விளக்கம் எழுத வேண்டி வரும், எடுக்காவிட்டால் வராது என்பதுதான் அவருடைய கலைக்கொள்கை.

அவர் இரண்டாவது முறையாக ஓய்வு பெற்று, கொட்டிவாக்கத்துக்கு மகன் வீட்டோடு போனார். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன். அவரைப் பார்த்துக் கற்றதை மறக்க மாட்டேன் என்றேன். அடுத்த நாள் ஸ்டேப்ளரை மேஜைமேல் வைத்தேன். கைரேகை ஜபத்தையும் நிறுத்தினேன்.

இனி, ஃப்ளாக் எங்கள் மாடிக்கு வந்த கதை. அடையாறிலிருந்து ஓர் ஆடிட்டர் மாதம் ஒருமுறை வருவார். அவர் வீட்டு ஸ்பீக்கர் ஒயரே என் ஸ்கூட்டரைவிட உசத்தி. ஒரு நாள் சொன்னார்: "ஏப்ல கேட்டா தோடி கொஞ்சம் காஞ்சு போயிருக்கு சார். ஃப்ளாக்ல ஒரு ஈரம் இருக்கும்."

இரண்டிலும் ஒரே வேட்டிதான் என்று விளக்கியிருக்கலாம். எனக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஒரே ஏப் ஃபைலை இரண்டு முறை போட்டேன். முதலாவது ஏப், இரண்டாவது ஃப்ளாக் என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தேளா! ரெண்டாவதுல காந்தாரம் உருகறது."

மறுபடியும் அதையே போட்டேன்.

"இது எது? இது அதுக்கும் மேல! ஜப்பான் சாஃப்ட்வேரா?"

அந்தக் கதையைச் சொல்லி நான் ஒரு வாரம் சிரித்தேன். ஆடிட்டர் சிரிக்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய் அறங்காவலர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். எங்கள் பதிவுகளில் ஈரம் இல்லை என்று கூட்டத்தில் பேசப்பட்டது. பதினாலு பேரும் கவலைப்பட்டார்கள். லைப்ரரி முழுவதையும் ஃப்ளாக்குக்கு மாற்றுவதென்று ஏகமனதாகத் தீர்மானம். என் நகைச்சுவை உணர்ச்சி எனக்குக் கொண்டுவந்து சேர்த்த வேலை, பதினோராயிரம் ஃபைல்.

அப்போதுதான் ஸ்ரீவத்சன் என்பவர் செயலாளராக வந்திருந்தார். மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். அவர் எதைச் சொன்னாலும் வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டுத்தான் சொல்வார்.

"சேகர், இது சிம்பிள் பேட்ச் ஜாப். ஒரு ஃபோல்டரைக் காட்டினா தானா ஓடும். மூணு நாள். சீசனுக்கு முன்னாடி முடிச்சுடுங்கோ."

சொன்னதில் தப்பில்லை. தானாகத்தான் ஓடியது. எதை ஏற்றிக்கொண்டு ஓடியது என்பதுதான் விஷயம்.

அந்தச் சமயம் என் மகள் அடையாறில் ஹேமா டீச்சரிடம் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தாள். கடைசி வரிசை. அவளுக்குப் பின்னால் செருப்பு ஸ்டாண்ட்தான். ஒரு நாள் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க சவுண்டு ஆளுதானே? எங்க பிராக்டிஸ் டிராக்கெல்லாம் போட்டா முதல்ல ஃபேன் சத்தம், பெஞ்ச் இழுக்கற சத்தம், நட்டுவனார் காபி வந்தாச்சான்னு கேக்கறது எல்லாம் வருது. குழந்தைங்க காலைத் தூக்கிண்டு நிக்கறதுகள். பட்டனை அமுக்கினா ஜதி வரணும்."

மகளுக்காக அறுபது டிராக்கையும் ஆபீஸ் கணினியில்தான் சரிசெய்தேன். மாற்றுகிற மென்பொருளில் 'முன்பக்க அமைதியை நீக்கு' என்று ஒரு பெட்டி உண்டு. அதில் டிக் அடித்தேன். எதை அமைதி என்று எடுத்துக்கொள்வது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. நட்டுவனாரின் காபிக் கேள்வியும் அமைதிக்குள் அடங்குகிற அளவுக்கு அதை ஏற்றி வைத்தேன். பட்டனை அமுக்கினால் ஜதி வந்தது. மகள் இரண்டாவது வரிசைக்கு வந்தாள்.

டிக் அங்கேயே இருந்தது.

மறுநாள் அதே மென்பொருளில், அதே டிக்கோடு, பதினோராயிரம் கச்சேரிகளை ஓடவிட்டேன். மூன்று நாள் ஓடியது. மென்பொருளுக்கென்று ஒரு சோதனையும் உண்டு. தான் மடித்து வைத்ததைத் தானே பிரித்துப் பார்த்து, சரி என்று சொல்லும். வேட்டியின் கரையைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை மடித்து, மடித்ததும் மிச்சமும் ஒன்றாக இருக்கின்றன என்று அது சான்றிதழ் கொடுத்துக்கொண்டே போனது. திரை முழுக்கப் பச்சை. பழைய ஃபைலின் கைரேகையையும் புதியதன் கைரேகையையும் ஒன்றே ஒன்றுக்கு வாய்விட்டுப் படித்திருந்தால்கூட முதல் எழுத்திலேயே தெரிந்திருக்கும். படிக்கச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு ஃபைல் மட்டும் சிவப்பாக வந்தது. நடுவில் எங்கோ பழுது; மாற்ற முடியவில்லை. அதைத் தனியாகக் கையால் சரிசெய்ய வேண்டும். அரை நாள் வேலை. 'பிறகு பார்க்கலாம்' என்று என் கணினியிலேயே ஒரு ஃபோல்டர் வைத்திருந்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் உருவாக்கியவற்றில் அதுதான் பெரியது. அதில் தள்ளிவிட்டேன்.

நாடாக்கள் பூஞ்சை பிடித்து அதற்கு முன்பே குப்பை வண்டி ஏறியிருந்தன. ஏப் ஃபைல்கள் இருந்த பழைய டிஸ்க்குகளை வைத்திருப்பானேன் என்றார் ஸ்ரீவத்சன். துடைத்துவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தோம். துடைக்கலாம் என்ற தாளில் கையெழுத்து என்னுடையது. கையெழுத்தை இரண்டாம் முறை பார்க்கவில்லை.

மூன்று வருஷம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு ரசிகர்கள் வந்து போகிற இடம். ஆராய்ச்சி மாணவர்கள் வந்தார்கள், விமர்சகர்கள் வந்தார்கள். ஆடிட்டர் வந்து, ஈரம் பிரமாதம் என்றார். இப்போதெல்லாம் போட்டவுடனே பாட்டு வந்துவிடுகிறது, நல்ல முன்னேற்றம் என்று ஒருவர் வருகைப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டுப் போனார்.

நாலாவது வருஷம் ஏழுமலை வந்தார்.

சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். ஐம்பது வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டு, அதற்குப் பிறகும் வாசலிலேயே நின்றார்.

"சார், இங்க பழைய பாட்டுக் கச்சேரிலாம் கீதாமே?"

"இருக்கு. யார் கச்சேரி?"

பாகவதர் பெயரைச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். அந்த ஆச்சரியம் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

"பாட்டு வேணாம் சார். பாட்டுக்கு முன்னாடி கீறது வோணும்."

உட்காரச் சொன்னேன். அவர் அப்பா முனுசாமி, மயிலாப்பூரில் ஒரு வாத்தியக் கடையில் பழுதுபார்த்தவர். பாகவதருக்குத் தம்புரா ரிப்பேர் செய்து கொடுத்து, கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டும் போயிருக்கிறார். ஒரு நாள் மீட்ட வேண்டிய ஆள் வரவில்லை. நீயே உட்கார் என்றார்கள். உட்கார்ந்தவர் இருபது வருஷம் எழுந்திருக்கவில்லை. அழைப்பிதழில் வயலின் பெயர் இருக்கும், மிருதங்கம் பெயர் இருக்கும். தம்புராவுக்குப் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருப்பதால் போட்டோவிலும் பாதி முகம்தான். முனுசாமி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"எங்க நைனா கொரலு எங்கிட்ட இல்ல சார். போன்ல கூட இல்ல. பேசவே மாட்டாரு மன்சன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கினே இருப்பாரு. ஒரு நவராத்திரிக் கச்சேரியாம். ஆரம்பிக்கசொல்ல பாகவதர் பின்னால திரும்பி, 'முனுசாமி, சுருதி சேர்ந்துதா?'ன்னு கேட்டாராம். பேரச் சொல்லி. இவரு 'சேந்துடுச்சுங்க'ன்னாராம். அத்த மிஷின்ல புட்ச்சிட்டாங்கன்னு அப்டி ஒரு சந்தோசம் அவருக்கு. அந்த ஒரு வார்த்த இருந்தா போதும் சார்."

ரெஜிஸ்டரைப் புரட்டினேன். நவராத்திரிக் கச்சேரி இருந்தது. நாகசுந்தரம் சாரின் நீல மை: 'முதல் ஒரு நிமிடம் தம்புரா. பாகவதர் திரும்பி ஏதோ கேட்கிறார். பின்னாலிருந்து பதில். மெலிதாக.' எனக்கே பெருமையாக இருந்தது. பாருங்கள், எப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று சொல்லி அவருக்குப் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, பட்டனை அமுக்கினேன்.

பட்டனை அமுக்கியதும் பாட்டு வந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மறுபடி அமுக்கினேன். எடுத்த எடுப்பில் பாகவதர், உச்சஸ்தாயியில். வேறொரு கச்சேரியைத் திறந்தேன். எடுத்த எடுப்பில் பாட்டு. இன்னொன்று. இன்னொன்று. ஏழாவதிலோ எட்டாவதிலோ, செருப்பு ஸ்டாண்டிலிருந்து இரண்டாவது வரிசைக்கு நகர்ந்த என் மகள் ஞாபகத்துக்கு வந்தாள்.

"இன்னா சார்?"

"ஏதோ கோளாறு. அடுத்த வாரம் வாங்களேன்."

"வரேன் சார். நீங்க பெர்யவங்க, பாத்து எடுத்துக் குடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பலகையைப் பார்த்தார். அம்புக்குறி எதுவும் வரவில்லை.

"சைலன்ஸ்தானே சேகர் போயிருக்கு? பாட்டு போகலையே. ஒரு விதத்துல ஸ்பேஸ் மிச்சம்."

"சைலன்ஸ் இல்ல சார், தம்புரா. பேச்சு. எல்லாக் கச்சேரியிலயும்."

"அதை ரைட்டிங்ல போட வேண்டாம்."

கொட்டிவாக்கத்துக்குப் போனேன். நாகசுந்தரம் சார் பால்கனியில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்து கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தினசரி படித்துக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கியிருந்தார். முழுக்கச் சொன்னேன். டான்ஸ் டீச்சரையும் மறைக்கவில்லை.

"கைரேகை வாசிச்சியா?"

"இல்லை சார்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் வந்தது திருப்தி. முப்பது வருஷமாக மனிதர்களைப் பற்றி அவர் கொண்டிருந்த அபிப்பிராயம் எல்லாம் சரி என்று நான் நேரில் வந்து நிரூபித்துவிட்டேன். காபி வரவழைத்துக் கொடுத்தார். பிறகு அவருடைய சந்தேகப் புத்தி தானாக வேலை செய்யத் தொடங்கியது.

"பதினோராயிரமும் மாறித்துங்கறே. நான் நம்பலை. ஏதாவது ஒண்ணு மாட்டிண்டிருக்கும். எர்ரர் லிஸ்ட் எங்கே?"

"ஒண்ணே ஒண்ணு…" என்று சொல்லும்போதே எழுந்துவிட்டேன்.

'பிறகு பார்க்கலாம்' ஃபோல்டரில் அது அப்படியே இருந்தது. நான் பொறுப்பாகப் பார்த்த வேலையெல்லாம் நாசம். சோம்பல்பட்டுத் தள்ளிப்போட்ட ஒன்றே ஒன்று பத்திரம். ரெஜிஸ்டரில் எண்ணைத் தேடினேன். பாகவதர்தான். ஆனால் நவராத்திரி இல்லை, வேறு கச்சேரி. பழுது நடுவில், நாற்பதாவது நிமிடத்தில் இருந்தது, முன்பக்கம் முழுசு. திறந்து கேட்டேன். எழுபது வினாடி தம்புரா. பேச்சு எதுவும் இல்லை. ரெஜிஸ்டரில் குறிப்புக் கட்டத்தில் என் கையெழுத்து: 'தொடக்கத்தில் இருமல், தேவையற்றது.' பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி.

அடுத்த வாரம் ஏழுமலை வந்தார். தலை வாரி, கட்டம் போட்ட புதுச் சட்டை. முதலில் உண்மையைச் சொன்னேன். என் மகள், டீச்சர், டிக், மூன்று நாள், பச்சை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அத்த வெட்டிட்டியா?"

நீங்கள், நீ ஆகிவிட்டது. எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது.

"வெட்டிட்டேன்."

"காயில் கட்டிட்டு ஓட்டிப் பாக்காம எவனாவது கஸ்டமர் கைல குடுப்பானா? ஒரு இன்ச்சு பம்பு மோட்டாருன்னாலும் ஒரு அவர் ஓட வுட்டுத் தொட்டுப் பாப்பேன் நானு. நீ இன்னாடான்னா ஏசில குந்திகினு…" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே அப்பளக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு மிச்சம் இருக்கு. அந்தக் கச்சேரி இல்ல. இதுல அவர் பேசலை. தம்புரா மட்டும்தான். அவர் வாசிச்சதுதானான்னுகூட எனக்குத் தெரியாது" என்றேன்.

வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். கையை நீட்டி ஹெட்போனை வாங்கிக்கொண்டார்.

தம்புரா ஓடியது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தம்புரா எல்லாமே தம்புராதானே, யார் மீட்டினால் என்ன என்று நானே நினைத்துக்கொண்டேன். ஐம்பதாவது வினாடி வந்தது. ஏழுமலை நிமிர்ந்தார். அப்புறம் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரித்தார்.

"சார்! சார், இது எங்க நைனா சார்! மூணாவது இருமல முழுங்குறாரு பாரு! கச்சேரில இருமினா பாகவதர் திரும்பிப் பாப்பாராம், அந்தப் பயம். வூட்ல கூட அப்டித்தான். சோறு துன்னசொல்ல கூட ரெண்டு இருமிட்டு மூணாவது முழுங்கிடுவாரு. எங்கம்மா திட்டும், 'யோவ், இங்க இன்னா பாகவதரா குந்திகினு கீறாரு, நல்லா இருமித் தொலையேன்யா'ன்னு…"

சிரித்துக்கொண்டே இருந்தவர் வார்னிஷ் விரலால் கண்ணைத் துடைத்தார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். ஐந்து முறை போட்டேன். ஒவ்வொரு முறையும் இருமல் வருகிற இடத்தில் விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார், நான் தவறவிட்டுவிடக் கூடாது என்பது போல.

அவர் போனபின் ரெஜிஸ்டரை எடுத்தேன். 'தேவையற்றது' என்பதை அடித்துவிட்டு, 'இருமல்: முனுசாமி. தம்புரா: அவரே' என்று எழுதினேன். சிவப்புக் கேள்விக்குறியை அப்படியே விட்டேன். பதினோரு ரெஜிஸ்டரில் மற்ற கேள்விக்குறிகளுக்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. இருமியவர்கள் பலரையும் வெட்டியாகிவிட்டது. அதையும் கடைசி ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில், எத்தனை ஃபைல், யாரால், எப்படி என்று ரைட்டிங்கிலேயே போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

ஆகவே, பிரசன்னா, உங்கள் ரிப்போர்ட்டில் பச்சையாக இருக்கிற பதினோராயிரத்துச் சொச்சமும் தலை வெட்டப்பட்டவை. முழுசாக இருப்பது சிவப்பு ஒன்றுதான். செயலாளர் நூறு பர்சன்ட் கேட்டால் கடைசி ரெஜிஸ்டரைக் கொடுங்கள்.

இன்னொரு விஷயம். வருஷாவருஷம் புரட்டாசியில், நவராத்திரி சமயம், ஏழுமலை வருவார். அவர் போனில் ஒரு பிரதி ஏற்றிக் கொடுத்திருக்கிறேன், ஆனாலும் வருகிறார். பெரிய ஹெட்போனில்தான் 'பக்கத்துல குந்தின மாதிரி கீது' என்கிறார். வாசலிலேயே நிற்பார், உள்ளே கூப்பிட வேண்டும். முதுகுக்கு நல்லது என்கிறார்களே, அந்த நாற்காலியைக் கொடுங்கள். எழுபது வினாடிதான். பாகவதர் பாட ஆரம்பித்ததும் ஹெட்போனைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுவார்.